வலசைப் பறவைகள் போன பின்பு நுவரெலியாவின் நீர்க்கரைகளில்

இலங்கையின் மலையகத்தில் பறவை பார்த்த அனுபவத்தை எழுதச் சொன்னால் பெரும்பாலானோர் டிசம்பர், ஜனவரி மாதங்களைப் பற்றியே எழுதுகிறார்கள். அதில் வியப்பில்லை, வலசை வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் ஆறுமணிக்குருவியும் நுவரெலியா நகரின் விக்டோரியா பூங்காவில் நடமாடும் காலம் அதுதான். ஏப்ரலோடு அவை வடக்கே திரும்பிவிடுகின்றன. வசந்த காலத்துக்கு வந்த உல்லாசப் பயணிகளும் போய்விட, தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கியதும் தொலைநோக்கி அலுமாரிக்குள் போய்விடுகிறது. என் அனுபவம் இதற்கு மாறானது. மே முதல் ஆகஸ்ட் வரை பார்க்கக் கிடைக்கும் இனங்கள் குறைவுதான். ஆனால் இங்கேயே பிறந்து இங்கேயே வாழும் பறவைகளின் குடித்தனத்தை ஆற அமரப் பார்க்க அந்த மாதங்களே வாய்ப்பானவை.

நுவரெலியாவிலிருந்து அம்பேவளைக்குப் போகும் வழியில் உள்ள கந்தே எல நீர்த்தேக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். கடந்த ஜூலையில், ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரோடு அதன் புல் மண்டிய ஓரத்தில் நின்றிருந்தபோது, அழுகிய நீர்ச்செடிகளின் குவியல் ஒன்று கரைக்கு அருகே மிதப்பதைக் கண்டேன். "தம்பி, அது குப்பையில்லை, முக்குளிப்பான் கூடு. அப்படியே நில்லுங்கள்" என்றார் சேர். எங்கள் அரவம் கேட்டும் அடைகாத்திருந்த பறவை பதறவில்லை. ஈரச் செடிகளை அலகால் இரு பக்கமும் இழுத்து முட்டைகளை மூடிவிட்டு, ஓசையில்லாமல் நீருக்குள் நழுவியது. இடும்போது வெள்ளையாக இருக்கும் முட்டைகள் இந்த அழுகலின் சாயம் ஏறித்தான் பழுப்பாகின்றன என்று சேர் விளக்கினார். நாங்கள் பின்வாங்கிப் பைனஸ் மரங்களின் மறைவுக்குப் போன பிறகே அது கூட்டுக்குத் திரும்பியது. சற்றுத் தள்ளி இன்னொரு சோடி குஞ்சுகளோடு உலாவிக்கொண்டிருந்தது. கோடு போட்ட சிறு தலைகள் முதுகு இறகுகளுக்கிடையில் எட்டிப் பார்ப்பதும், பெரியது மூழ்கியதும் குஞ்சுகள் தக்கைபோல் நீர்மேல் மிதந்து கிடப்பதுமாக ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. கானாங்கோழியும் மடையானும் அங்கே இருந்தன; அன்று அவற்றை யார் கவனித்தார்கள்?

அடுத்தது ஹோர்ட்டன் சமவெளி. அங்கே பலரும் உலக முடிவு என்ற செங்குத்தான மலை விளிம்பைப் பார்ப்பதற்காகவே போகிறார்கள். 1988 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த நிலம் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் கொடுப்பது. மழை மாதங்களில் அதன் புல்வெளிப் பள்ளங்கள் கால் வைத்தால் அமிழும் சதுப்பாகிவிடும். பட்டிப்பொல நுழைவாயிலைத் தாண்டியதும் வீதியோரத்தில் அரேங்கா குளம் வரும். இலங்கையின் மலைக்காடுகளில் மட்டுமே வாழும் அரேங்கா என்ற பூங்குருவியின் பெயர்தான் அந்தக் குளத்துக்கு. மூடுபனி ஏறுவதற்குள் உலக முடிவை எட்டிவிட வேண்டும் என்று வாகனங்கள் பறப்பதால், விடியற்காலையில் குளத்தடி வெறிச்சென்றிருக்கும். நான் நனைந்த மழை அங்கியோடு காத்திருந்தபோது, முதலில் காதைக் குத்தும் நீண்ட சீழ்க்கை மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து, பாசி படிந்த கல்லில் ஆண் பறவை வந்து நின்றது. கறுப்பென்று தோன்றிய உடல் திரும்பியபோது தோளிலிருந்த நீலப் பட்டை சட்டென்று தெரிந்தது. சிறு தவளையொன்றைக் கல்லில் அடித்து விழுங்கியதும் அது புதருக்குள் மறைந்துவிட்டது. பெண் பறவை பழுப்பு நிறமாம். அது என் கண்ணில் படவில்லை.

போக விரும்புவோருக்கு ஒன்றிரண்டு சொல்வேன். குடை வேண்டாம், காற்று அதைப் பிடுங்கிவிடும். மழை அங்கியும் றப்பர் சப்பாத்தும் போதும். சமவெளியின் நுழைவாயிலில் பொலித்தீன் உறைகளை அகற்றிவிடுவார்கள் என்பதால் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோங்கள். கூடு கண்டால் படமெடுப்பதற்காக நெருங்க வேண்டாம்: மனிதர் நிற்குமிடத்தைக் காகம் கவனித்துக்கொண்டே இருக்கும், தாய்ப்பறவை விலகிய கணத்தில் முட்டை போய்விடும். கந்தே எலவில் அந்தக் கூடு எந்தப் பக்கத்தில் இருந்தது என்று நான் எழுதாததற்கும் அதுவே காரணம்.