ஐந்தாம் மாதத்தில் புறாமலை

பிள்ளைத்தாச்சி தண்ணீர் தாண்டக் கூடாது என்பது எங்கள் மாமியின் முடிவான கருத்து. ஆகவே இருபத்திரண்டாவது வாரத்தில் நானும் கணவரும் திருகோணமலை நிலாவெளிக் கடலைக் கடந்து புறாமலைத் தீவுக்குப் போய்வந்த செய்தியை, வீடு திரும்பிய பின்னர்தான் அவரிடம் சொன்னோம்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது கமராவைத் தூக்கிக்கொண்டு ஏதாவதொரு தேசியப் பூங்காவுக்குப் போவது கல்யாணமான காலந்தொட்டு எங்கள் வழக்கம். இவ்வருடம் ஹோட்டன் சமவெளிக்குப் போவதாக இருந்தோம். காலாற நடந்து பார்க்க அனுமதியுள்ள தேசியப் பூங்காக்கள் இலங்கையில் அரிது, அது அவற்றில் ஒன்று. ஆனால் இரண்டாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், காலைக் குளிரில், உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறை விளிம்பையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றி ஒன்பது கிலோமீற்றருக்குக் குறையாமல் நடப்பதற்கு எனக்கே மனம் ஒப்பவில்லை. கவுடுல்ல தேசியப் பூங்கா எங்களுக்குக் கிட்டத்தான் இருக்கிறது, ஆனாலும் யானைகளைப் பார்க்க ஜீப்பில்தான் சுற்ற வேண்டும்; குலுங்கும் வாகனங்களைத் தவிர்க்கும்படி மருத்துவமாது ஏற்கெனவே சொல்லியிருந்தார். எஞ்சியது வீட்டு வாசலில் இருக்கும் புறாமலை. 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்தத் தீவு, கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் கிடக்கிறது. அதன் உச்சியும் ஐம்பது மீற்றருக்கு உட்பட்டதுதான். கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டேன். இரத்த அழுத்தம் சீராக இருப்பதையும், ஸ்கேனில் சூல்வித்தகம் (நஞ்சுக்கொடி) மேலே இருப்பதையும் பார்த்துவிட்டு, வெயிலுக்கு முன் போய் வெயிலுக்கு முன் திரும்பி வாருங்கள் என்றார்.

ஜீப் குலுங்கும் என்று பயந்த நாங்கள் இருவரும் படகைப் பற்றி யோசிக்கவேயில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

அது ஆனி மாதம். காலை ஏழரைக்குக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. உயிர்காப்பு அங்கியின் கீழ்ப்பட்டி என் வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. படகோட்டித் தம்பி இன்னொன்றைத் தேடி எடுத்துவந்தார், அது தோளில் நழுவியது. கடைசியில் முதல் அங்கியையே அணிந்து, மேற்பட்டிகள் இரண்டையும் இறுக்கி, கீழ்ப்பட்டியைக் கயிற்றுத் துண்டொன்றால் நீட்டி வயிற்றுக்குக் கீழே கட்டினோம். படம் எடுக்க வசதியென்று நான் முன்பக்கம் அணியத்தில் அமர்ந்தேன். முதல் ஐந்து நிமிடம் சுகமாகவே போயிற்று. பின்னர் எதிரே விரைந்து வந்த இன்னொரு படகின் அலையில் எங்கள் படகு ஏறி, பலகையில் அறைந்தாற்போல் இறங்கியது. முதுகுத்தண்டின் அடிவரை அந்த அடி தெரிந்தது. இரண்டாம் அடிக்கு முன் இரு கைகளாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு இடுப்பைச் சற்றுத் தூக்கினேன். கமரா மடியிலிருந்து உருண்டு கணவரின் காலடியில் விழுந்தது. "பிள்ளை, முன்னுக்கு இருக்காதேங்கோ, பின்னுக்கு வாங்கோ, அங்கதான் அடி குறைவு" என்று கூட வந்த முதியவர் ஒருவர் அதன்பிறகு சொன்னார். கரையில் சொல்லியிருக்கலாம். நாங்களும் கேட்டிருக்கலாம்.

தீவில் இறங்கிய பின் நடை எளிதென்றுதான் எண்ணினேன். கரையெங்கும் உடைந்த முருகைக்கற் துண்டுகள். காலை வைத்தால் உருளும். கர்ப்ப காலத்தில் மூட்டு நார்கள் தளர்வதாலும் உடற்பாரம் முன்னுக்குச் சாய்வதாலும் கணுக்கால் இலகுவில் பிசகும் என்று மருத்துவமாது சொன்னதன் பொருள் அங்கேதான் விளங்கியது. செருப்பைத் தவிர்த்துக் கன்வஸ் சப்பாத்து அணிந்துபோனது நாங்கள் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று. பாறையின் மூன்றில் இரண்டு பங்கு உயரம்வரை, கணவரின் தோளைப் பிடித்தபடி ஏறினேன். மேலே பாறை சரிந்து வழுவழுப்பாக இருந்ததால் அவரை மட்டும் அனுப்பிவிட்டு, ஒரு பற்றை நிழலில் சாரத்தை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். கீழே கடற்பக்கத்து ஆழமற்ற நீரில் கருநுனிச் சுறாக்கள் இரண்டு, மணலில் தம் நிழல் விழ, கரையோரமாகப் போய்வந்துகொண்டிருந்தன. அவை மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவை. மற்றப் பக்கத்தில் சுற்றுலா வந்தவர்கள் சிலர் உயிருள்ள முருகைக்கல்லின் மேலேயே எழுந்து நின்று செல்பி எடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அன்று எனக்குச் சகிக்கவில்லை.

முன்னைய பயணங்களில் ஓரிடத்தில் பத்து நிமிடம்கூட நான் இருந்ததில்லை. அன்று வேறு வழியின்றி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தேன். எதிர்ப்பாறையின் பிளவொன்றினுள் மாடப்புறா ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. நம் வீட்டுப் புறாக்களுக்கெல்லாம் மூதாதை அந்த இனந்தான். கிட்டப் போகாமல் 300 மி.மீ. லென்ஸில் பார்த்தேன். வெயிலில் வெளுத்த பாறையின் ஒளியை அளந்த கமரா, பிளவுக்குள் இருந்த பறவையை வெறும் கரிய புள்ளியாக்கியது. ஒரு புள்ளியின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பொட் மீட்டரிங்குக்கு மாற்றி, பறவையின் கழுத்தை மட்டும் அளந்த பின்னரே பச்சையும் ஊதாவும் தெரிந்தன. பத்து மணி கடந்த சற்று நேரத்தில் இன்னொரு புறா பறந்துவந்து விளிம்பில் நின்றது. உள்ளே இருந்தது எழுந்து, உடலைச் சிலிர்த்து, அதன் அருகாலேயே வெளியேறியது. வந்தது உள்ளே போய், அலகால் முட்டையை நகர்த்திவிட்டு அமர்ந்தது. மொத்தம் பதினொரு படங்கள்.

காற்று எழுமுன் புறப்பட்டோம். இம்முறை இயந்திரத்துக்கு அருகே, சாரத்தை நாலாய் மடித்து அதன்மேல் அமர்ந்தேன். மெதுவாக ஓட்டும்படி ஏறும்போதே தம்பியிடம் சொல்லிவிட்டோம். அடி விழவில்லை என்றே சொல்லலாம். மறுநாள் கிளினிக்கில் காட்டினேன், எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாம் மும்மாதத்தில் போக நினைப்பவர்கள் ஏறுவதற்கு முன்னரே இருக்கையையும் வேகத்தையும் பேசிக்கொள்ளுங்கள். அலை வந்த பின் பேச நேரம் இருக்காது.

மாமி திட்டினார், எதிர்பார்த்ததுதான். திட்டி முடித்துவிட்டுப் படங்களைக் கையில் வாங்கி, இரண்டு புறாவும் நிற்கும் படத்தை வெகுநேரம் பார்த்து, "இதில எது ஆண்?" என்று கேட்டார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் கணவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மாடப்புறாக்களில் இரவு முழுவதும் பேடு அடைகாக்கும், முற்பகலில் வந்து பொறுப்பேற்றுப் பின்னேரம்வரை இருப்பது சேவல். நான் படத்தின் நேரத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே போவதைக் காட்டினேன்.