மேலாண்மைக் குழுத் தீர்மானம் போட்டும் அசைவில்லை: ஏற்காடு ஒன்றியப் பள்ளி, யாருக்கு எழுதுவது?

மிளகுக்கொடி:
வணக்கம். ஏற்காடு மலையில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. 112 பிள்ளைகள், அதில் பெண் பிள்ளைகள் 54. நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். நாலு கூட்டத்திலும் ஒரே தீர்மானம்: "கழிப்பறை, கட்டடம், போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும்." பெற்றோர் செயலியிலும் ஏற்றியாகிவிட்டது. ஒரு பதிலும் வரவில்லை.

விவரம் இதுதான். பெண்கள் கழிப்பறைத் தொட்டிக்குப் பாதி நாள் தண்ணீர் ஏறுவதில்லை. 500 லிட்டர் தொட்டி, மேல்பக்கத்து ஊராட்சித் தொட்டியிலிருந்து குழாய் வருகிறது, மோட்டார் கிடையாது. பழைய வகுப்பறையின் பின்சுவரில் விரிசல். மேல் ஊரிலிருந்து 9 பிள்ளைகள் காப்பித் தோட்டத்துக்குள் நடந்து வருகிறார்கள். இன்னொன்று, கூட்டத்தில் என்ன முடிவானது என்பதே பாதிப் பெற்றோருக்குத் தெரிவதில்லை. எதை யாரிடம் கொண்டுபோவது?

கோரிமேட்டார்:
முதல் தப்பு, மூணையும் ஒரே தீர்மானத்தில் கட்டியது. மூணுக்கும் மூணு அலுவலகம். ஒரே தாளில் போனால் ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்ப்பார் என்று வைத்துவிடுவார்கள். தனித்தனி எண் கொடுத்துப் பிரியுங்கள்.

ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து. பாடம், ஆசிரியர், வருகை இதற்குத்தான் வட்டாரக் கல்வி அலுவலர். சுவருக்கு வட்டார வளர்ச்சி அலுவலர். அங்கேயும் இரண்டு பேர் உண்டு, பெயருக்குப் பின்னால் வ.ஊ., கி.ஊ. என்று போட்டிருக்கும். கட்டடத்துக்கு வட்டார ஊராட்சி. உங்கள் குழாய் ஊராட்சித் தொட்டியிலிருந்து வருவதால் அதற்குக் கிராம ஊராட்சி. மாற்றிக் கொடுத்தால் மேசை மாறவே ஒரு மாதம் போகும். நகல் மட்டும் கல்வி அலுவலருக்கு. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித்துறை, சேலம் நகருக்குள் மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சி, மலையில் இருக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி என்றால் பழங்குடியினர் நலத்துறை. இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஊராட்சித் தலைவரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தால் அதை நம்ப வேண்டாம். நம் மாவட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-லேயே முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். கையில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

இரண்டாவது தப்பு வாசகம். "வசதி செய்து தர வேண்டும்" என்பதை எந்தப் பொறியாளராலும் மதிப்பீடாக மாற்ற முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"தீர்மானம் 2. பெண்கள் கழிப்பறை அறைகள் 3. கதவு இல்லாதது 1, தாழ்ப்பாள் இல்லாதது 2. தொட்டி 500 லிட்டர். மாணவியர் 54. கடந்த மாதம் தண்ணீர் இல்லாத பள்ளி நாட்கள் 11, தேதிகள் இணைப்பில். தேவை: 1000 லிட்டர் தொட்டி 1, பிவிசி கதவு 1, தாழ்ப்பாள் 2."

எண்ணிக்கை உங்கள் பள்ளியில் எண்ணியதாக இருக்கட்டும், மேலே இருப்பது மாதிரிதான். ஒப்பிட்டுக் காட்ட 2 அளவு போதும்: 40 மாணவருக்கு ஒரு கழிப்பறை அலகு, பகல் பள்ளிக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் தண்ணீர். உங்கள் கணக்கில் அது 5,040 லிட்டர் வருகிறது. 500 லிட்டர் தொட்டியைப் பத்து முறை நிரப்ப வேண்டும்.

வால்வு_மேஸ்திரி:
தொட்டி கேட்பதற்கு முன் குழாயைப் பாருங்கள் அக்கா. மோட்டார் இல்லாமல் சரிவில் வரும் குழாய், பாதி நாள் வருகிறது, பாதி நாள் வரவில்லை என்றால் பெரும்பாலும் காற்று அடைப்பு. பாறையைத் தாண்ட ஒரு இடத்தில் மேடு ஏறி இறங்கும். ராத்திரி மேல்தொட்டி காலியானால் குழாயில் காற்று புகுந்து அந்த மேட்டு உச்சியில் உட்கார்ந்துகொள்ளும். காலையில் மேலே தண்ணீர் திறந்தாலும் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு வர அழுத்தம் பத்தாது.

சோதனை சுலபம். பள்ளிப் பக்கம் இணைப்பைக் கழற்றினால் சொட்டுக்கூட இல்லை, மேட்டு உச்சியில் இணைப்பைத் தளர்த்தினால் புஸ்ஸென்று காற்று, பிறகு விட்டு விட்டுத் தண்ணீர் என்றால் அதுதான். அந்த உச்சியில் குழாயில் ஒரு டீ (மூணு வாய் உள்ள இணைப்பு) போட்டு, மேலே அரை அங்குல வால்வு வைத்துத் தினமும் காலையில் திறந்து மூடலாம். காற்றைத் தானாக வெளியே விடும் காற்று வால்வு வைத்தால் அந்த வேலையும் இல்லை.

மேட்டில் காற்றே இல்லை என்றால் மேல்தொட்டியின் வாயைப் பாருங்கள். சில்வர் ஓக் இலை அப்பிக்கொண்டிருக்கும். வாயில் சல்லடை போட்டு, வாரம் ஒருமுறை இலையை எடுத்தால் போதும். பள்ளித் தொட்டியில் மிதவை வால்வு கீழிறங்காமல் சிக்கியிருந்தாலும் தண்ணீர் உள்ளே வராது, கையால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதற்கு மனு வேண்டியதில்லை. பள்ளி மானியத்திலேயே செய்யலாம்.

மிளகுக்கொடி:
மானியம் எவ்வளவு என்று எங்களுக்குச் சொன்னதே இல்லை. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயக்கம். தீர்மானப் புத்தகத்திலும் கையெழுத்து முதலில், எழுத்து பிறகு என்றுதான் நடக்கிறது.

தணிக்கைக்காரன்:
வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சண்டை வேண்டாம், "எழுதுங்க சார், படிச்சுட்டுப் போடறேன்" என்று உட்கார்ந்துகொண்டால் போதும். கடைசி வரிக்குக் கீழே கோடு இழுத்து அதன் மேல் கையெழுத்துப் போடுவது நல்ல பழக்கம்.

மானியம் ரகசியமில்லை. சமக்ர சிக்ஷா (மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் பள்ளிக் கல்வித் திட்டம்) விதிப்படி 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். உங்களுக்கு 50,000 பிரிவு. அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. 112 என்பது 100-க்குக் கொஞ்சம்தான் மேலே. 12 பிள்ளைகள் குறைந்தாலே மானியம் பாதியாகிவிடும், சேர்க்கை நேரத்தில் இதையும் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

பணம் எப்போதும் நேரத்துக்கு வந்துவிடாது. 2024-25-ல் மத்திய அரசு தமிழ்நாட்டுப் பங்கு 2,152 கோடியை நிறுத்தியது நினைவிருக்கும். வந்ததும் மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் பெயின்ட் டப்பா வாங்குவது அதனால்தான். டிசம்பருக்குள் பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதிவிட்டால் அந்த அவசரம் இருக்காது. திட்டம் எழுதுவது குழுவின் வேலை என்று கல்வி உரிமைச் சட்டம் 22-ஆவது பிரிவே சொல்கிறது. குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், அது 21-ஆவது பிரிவு. ஆகவே கணக்குக் கேட்பது தப்பு இல்லை.

கோரிமேட்டார்:
சுவர் விஷயத்தை விட்டுவிட்டேன். இதுதான் அவசரம். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே மெல்லிய சிமெண்ட் பட்டை ஒன்று பூசுங்கள். வாரம் ஒருமுறை அளவுகோல் வைத்துப் படம். பட்டை வெடித்தாலோ கோட்டைத் தாண்டினாலோ சுவர் நகர்கிறது என்று அர்த்தம். மலையில் பின்சுவருக்குப் பின்னால் வெட்டிய மண்சரிவு இருக்கும். மழைநீர் வடிய வழியில்லாமல் நனைந்த மண் தள்ளுகிறதா என்று பாருங்கள், வடிகால் அடைத்திருந்தால் முதலில் அதைத் தோண்டுங்கள். பூச்சு மட்டும் பூசி மறைக்க விடாதீர்கள். ஒன்றியப் பொறியாளர் பார்த்து எழுத்தில் தரும்வரை அந்த அறையில் வகுப்பு வேண்டாம் என்பதையும் தீர்மானத்தில் சேருங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் முத்திரை நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். புதுக் கட்டடத்துக்குக் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டம் இருக்கிறது, அதுவும் ஊரக வளர்ச்சித் துறை வழியாகத்தான்.

நாகலூர்_பாதை:
நடந்து வரும் 9 பிள்ளைகளின் போக்குவரத்துக்குப் போக வேண்டிய இடம் வட்டார வள மையம், கல்வித் துறையின் வட்டார அலுவலகம் அது. தொடக்க வகுப்பு என்றால் 1 கிலோமீட்டர், 6 முதல் 8 என்றால் 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி அல்லது வழித்துணை ஆளுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை விதியில் இடம் உண்டு. பட்டியல் தள்ளுபடி ஆவது தூரத்தில்தான். வரைபடத்தில் நேர்கோட்டில் அளந்து 800 மீட்டர் என்று போட்டுவிடுவார்கள், நடந்தால் இரண்டு கிலோமீட்டர் வரும். கைப்பேசியில் நடைப்பாதையைப் பதிந்து, படம் எடுத்து, பிள்ளையின் எமிஸ் எண்ணோடு (கல்வித் துறைப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எண்) வகுப்புவாரியாக இணையுங்கள். வண்டியா, ஆளா என்பதையும் குழுவே தீர்மானத்தில் சொல்லட்டும்.

பெற்றோருக்குச் செய்தி சேர வாட்ஸ்அப்பை மட்டும் நம்பாதீர்கள், மேல் ஊரில் சிக்னல் கிடையாது. ஒரு முழுத்தாள், பெரிய எழுத்து, நாலே வரி: என்ன முடிவு, யாருக்கு அனுப்பியது, எந்தத் தேதி, அடுத்த கூட்டம் எப்போது. ரேஷன் கடையில் ஒன்று, பஸ் நிற்கும் டீக்கடையில் ஒன்று. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் வேலைநாள் மதியம் கூட்டம் வைத்தால் கூலி போகும், யாரும் வரமாட்டார்கள். பறிப்பு முடிந்து ஆட்கள் இறங்கும் நேரத்துக்குக் கூட்டத்தைத் தள்ளித் தரச் சொல்லித் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

மிளகுக்கொடி:
மேட்டு உச்சியில் இணைப்பைத் தளர்த்திப் பார்த்தோம். காற்றுதான். டீயும் வால்வும் வாங்க ஆள் அனுப்பியாச்சு. சுவரில் இன்று தேதி எழுதியிருக்கிறோம்.