ஆட்டோ த்ரஸ்ட்டை அணைத்தால் எஞ்சின் அலறுகிறது, உதவுங்கள்

புதுச்சிறகு: சிமுலேட்டரில் தரையிறங்க வரும்போது, 1000 அடியில் ஆட்டோ த்ரஸ்ட்டை (எஞ்சின் உந்துவிசையைக் கணினியே கூட்டிக் குறைக்கும் வசதி) அணைக்கிறேன். உடனே எஞ்சின் அலறி வேகம் எகிறிவிடுகிறது. மூன்று நாளாக இதே கதை. என்ன செய்வது?

வால்காற்று: எந்த விமானம்? அணைக்க எந்தப் பட்டனை அழுத்துகிறீர்கள்?

கம்பிசுருள்: உந்துவிசை லிவருக்குள் அதன் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசிதான். எனக்கும் இப்படித்தான் ஆனது. கழற்றித் துடையுங்கள்.

வால்காற்று: தூசி என்றால் அளவு துள்ளும், ஒவ்வொரு முறையும் அணைத்த நொடியிலேயே ஏறாது. லிவர் எங்கே நிற்கிறது என்று முதலில் கேட்போம்.

புதுச்சிறகு: ஏ320. லிவரில் இருக்கும் சிவப்புப் பட்டன். லிவர் எப்போதும் போல சிஎல்-லில்தான் (மேலேறும்போது வைக்கும் நிலை).

மூத்தகை: அப்படிப் போடு. தம்பி, கையேட்டைத் திறந்தாவது பார்த்தீர்களா? ஏர்பஸ்ஸில் ஆட்டோ த்ரஸ்ட் வேலை செய்யும்போது லிவர் நகராது. சிஎல்-லில் நிற்கும் லிவர் உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் எவ்வளவு வேண்டும் என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். சிவப்புப் பட்டனை அழுத்தினால் லிவர் நிற்கும் இடமே கட்டளை. சிஎல்-லில் நின்றால் ஏறும்போது கொடுக்கும் முழு உந்துவிசை வரத்தானே செய்யும்?

வால்காற்று: அவர் சொல்வது சரி, தொனியை விட்டுவிடுங்கள். அழுத்துவதற்கு முன் லிவரைப் பின்னுக்கு இழுங்கள். என்1 அளவியில் (எஞ்சின் சுழலும் வேகத்துக்கானது) லிவரின் நிலையைக் காட்டும் சின்ன வட்டம் இருக்கும். அது முள்ளோடு சேர்ந்ததும் அழுத்துங்கள். இடையில் எச்சரிக்கை மணி அடிக்கலாம், பயப்பட வேண்டாம். முன்பலகைப் பட்டனால் அணைத்தால் கதை வேறு: உந்துவிசை அப்படியே உறைந்து நிற்கும், லிவரை அசைத்தால்தான் விடும்.

கம்பிசுருள்: இதற்குத்தான் போயிங் நல்லது என்கிறேன். லிவர் தானே நகரும், கைக்குத் தெரிந்துவிடும்.

மூத்தகை: தெரிந்துவிடுமா? 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் விழுந்த துருக்கி போயிங் 737-ல், தரையிலிருந்து உயரத்தை அளக்கும் ரேடியோ உயரமானி தவறாக மைனஸ் 8 அடி காட்டியது. தரை வந்துவிட்டது என்று ஆட்டோ த்ராட்டில் (போயிங்கில் ஆட்டோ த்ரஸ்ட்டுக்கு அதுதான் பெயர்) லிவரைக் கடைசிவரை பின்னுக்கு இழுத்துவிட்டது. கண்ணெதிரே நகர்ந்தும் விமானிகள் சுதாரிக்கத் தாமதமானது. ஒன்பது பேர் இறந்தார்கள்.

கம்பிசுருள்: 2007-ல் சாவோ பாலோ விபத்தில் ஏ320-இன் ஒரு லிவர் சிஎல்-லிலேயே கிடந்ததே, அது?

வால்காற்று: இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள். புதுச்சிறகு, அணைக்கவே வேண்டாம் என்பதும் ஒரு வழி. 20 அடியில் ‘ரிடார்ட்’ என்று குரல் வரும்போது லிவரை ஐடிலுக்கு (மிகக் குறைந்த உந்துவிசை நிலைக்கு) இழுங்கள், அதுவாகவே அணைந்துவிடும்.

புதுச்சிறகு: வட்டம் வேலை செய்தது. நன்றி.

கம்பிசுருள்: தூசியையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.