மறு: ‘உட்டன் பிரெஸ்ட்’ கோழிக்கறிக்குத் தமிழில் என்ன பெயர்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மரம் போல இறுகிப்போகும் கோழி நெஞ்சுக்கறியை ஆங்கிலத்தில் ‘உட்டன் பிரெஸ்ட்’ என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன என்று போன வாரம் நான் போட்ட ஒற்றை வரிக் கேள்விக்கு ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன: மரமார்பு, முற்றல்தசை, விறைதசை, தசைநார்க்கேடு, தசைமரப்பு. அனுப்பிய எல்லாருக்கும் நன்றி. சொல் எதற்கு, அதை யார் பேசப்போகிறார்கள் என்று சொல்லாமல் கேட்டது என் பிழை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு கோழி பதப்படுத்தும் ஆலையில் தரம் பார்க்கிறவன். மலேசியாவிலிருந்து உயிரோடு வந்து இங்கு அறுபடும் கோழியும் எங்கள் மேசைக்கு வரும், பிரேசிலிலிருந்து உறைந்து வரும் நெஞ்சுக்கறியும் வரும். வெட்டும் வரிசையில் நிற்கும் தம்பிகள் பலர் புதுக்கோட்டை, அறந்தாங்கிப் பக்கம். அவர்களுக்காகத் தமிழில் ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். இரண்டாம் பத்தியிலேயே வண்டி நின்றுவிட்டது.

பொருள் என்ன என்று பார்க்காமல் பெயர் வைக்க முடியாது. நல்ல நெஞ்சுத்துண்டைக் கழுத்துப்பக்க முனையில் பிடித்துத் தூக்கினால் ஈரத்துணி மாதிரி தொங்கும். நான் சொல்கிற துண்டு பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். விரலால் அழுத்தினால் குழியாது. நிறம் வெளிறியிருக்கும், மேலே வழவழவென்று ஒரு நீர், சிலவற்றில் பொட்டுப் பொட்டாக ரத்தக்கசிவு. சமைத்தால் தண்ணீரை விட்டுவிடும், மசாலாவையும் சரியாகப் பிடிக்காது, மெல்லும்போது ரப்பரும் நாருமாக இருக்கும். சாப்பிட்டால் உடம்புக்குக் கெடுதல் என்று எதுவும் இல்லை. வாய்க்குத்தான் கெடுதல்.

இனி உள்ளே நடப்பது. கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு வகை, 1978ஆம் ஆண்டு வகை, 2005ஆம் ஆண்டு வகை என்று மூன்று கறிக்கோழிகளை ஒரே தீனியில் வளர்த்துப் பார்த்தார்கள். 56ஆம் நாள் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீனி மாறவில்லை, கோழிதான் மாறியது. அதிலும் அதிகம் கூடியது நெஞ்சு.

நெஞ்சுத்தசையில் எத்தனை இழைகள் என்பது குஞ்சு முட்டையை விட்டு வெளியே வரும்போதே அநேகமாக முடிவாகிவிடுகிறது. அப்புறம் வளர்வது எண்ணிக்கை இல்லை, தடிமன். இழையின் ஓரத்தில் ஒட்டிப் படுத்திருக்கும் சிறு உயிரணுக்கள் பெருகி, இழையோடு கலந்து, தங்கள் உட்கருவை அதற்குக் கொடுத்துத் தடிக்க வைக்கின்றன. (இவற்றுக்கு ஆங்கிலத்தில் ‘சாட்டிலைட்’ என்று பெயர். யாராவது ‘துணைக்கோள் உயிரணு’ என்று எழுதிவிடுவதற்குள் அதற்கும் ஒரு மடல் போட வேண்டும். இப்போதைக்கு ‘ஓர உயிரணு’ என்கிறேன்.)

இழை தடிக்கிற வேகத்துக்கு, அதற்கு ரத்தம் கொண்டுவரும் தந்துகிகள் பெருகுவதில்லை. நெஞ்சுத்தசை இயல்பிலேயே வெள்ளைத்தசை. சட்டென்று சுருங்கும், உயிர்வளியை (ஆக்சிஜனை) அதிகம் நம்பாமல் சர்க்கரையை உடைத்து வேலை செய்யும். அதனால் தொடையைவிட அதற்கு ரத்தக்குழாய்களும் குறைவு. மூன்று பேருக்குப் போட்ட தண்ணீர்க் குழாயில் வீட்டில் பன்னிரண்டு பேர் குளிக்கிற கதைதான். உயிர்வளி எட்டவில்லை, கழிவும் வெளியேறவில்லை, இழைகள் செத்துப்போகின்றன. இறந்ததைத் துப்புரவு செய்ய வெள்ளணுக்கள் வருகின்றன. ஓர உயிரணுக்கள் புது இழை கட்டப் பார்க்கின்றன, ஆனால் இடிகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. காலியான இடத்தில் கொலாஜன் என்கிற நார்ப்புரதமும் கொழுப்பும் குடியேறிவிடுகின்றன.

அந்தக் கொலாஜன் இறுகப் பின்னிக்கொண்டால் நம் ‘உட்டன் பிரெஸ்ட்’. கொழுப்பு இழைகளின் போக்கிலேயே வெள்ளைக் கோடுகளாகப் படிந்தால் ‘ஒயிட் ஸ்ட்ரைப்பிங்’. இழைகளைக் கட்டிவைக்கும் இணைப்புத்திசு தளர்ந்து, கிள்ளினாலே நூல் நூலாகக் கழன்று வந்தால் ‘ஸ்பகெட்டி மீட்’. மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒரே துண்டில் இரண்டு சேர்ந்தும் வரும்.

இதில் எது முந்தியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு தீரவில்லை. ரத்தம் எட்டாததே மூலம் என்று ஒரு கட்சி. இழை சாவதற்கு முன்பே சிறு சிரைகளைச் சுற்றி அழற்சி தெரிகிறதே, கொழுப்பைத் தசைக்குள் இழுக்கிற முறையிலேயே கோளாறு இருக்கிறதே என்று இன்னொரு கட்சி. வைட்டமின் ஈ குறைவால் வரும் பழைய தசைநோயோ என்று சந்தேகப்பட்டுத் தீனியில் கூட்டியும் பார்த்தார்கள், கோடுகள் போகவில்லை. தீனியைக் குறைத்து மெதுவாக வளர்த்தால் குறைகிறது, ஆனால் கோழியும் சேர்ந்து குறைகிறது. ஃபின்லாந்துக்காரர்கள் 2014இல் இதை முதன்முதலில் முறையாக விவரித்து எழுதினார்கள். அவர்கள் கட்டுரைத் தலைப்பில் சிதைவு, நாராக்கம், மீளாக்கம் என்று எல்லாம் இருந்தது. நிலைத்தது என்னவோ கைக்குத் தெரிகிற ‘மரம்’தான். நாமும் கைக்குத் தெரிவதை வைத்தே பெயர் வைப்போம் என்பது என் கட்சி. காரணத்தை வைத்துப் பெயரிட்டால், அந்த வழக்கில் நாளைக்குத் தீர்ப்பு வந்ததும் பெயரை மாற்ற வேண்டியிருக்கும்.

சரி, வந்த சொற்கள்.

முற்றல்தசை. கேட்டதும் பிடித்துப்போனது. முற்றல் வெண்டைக்காய் கத்திக்கு எப்படியோ, இந்தக் கறியும் அப்படித்தான். ஆனால் முற்றல் என்றாலே வயது. இந்தக் கோழிக்கு வயது ஆறேழு வாரம். கம்பத்துக்கோழி (ஊரில் நாட்டுக்கோழி) முற்றினால் கறி கடினமாவது நியாயம். இது பிஞ்சிலே பழுத்தது. ‘முற்றல்’ என்று எழுதினால் தம்பிகள் கிழட்டுக்கோழியைத் தேடுவார்கள்.

விறைதசை. அறுத்த பிறகு எந்தக் கோழியும் விறைக்கும், சில மணி நேரத்தில் தளரும். அதைத்தான் நாங்கள் விறைப்பு என்கிறோம். இந்தக் கட்டை தளராது.

மரமார்பு. இங்குள்ள தேக்கா ஈரச்சந்தையில் “மார்பு அரைக்கிலோ” என்று யாரும் கேட்டு என் காதில் விழுந்ததில்லை. நெஞ்சுக்கறி என்றுதான் கேட்கிறார்கள்.

தசைநார்க்கேடு. ‘தசைநார்’ என்ற சொல்லையே கொஞ்ச காலம் ஓய்வில் வைக்கலாம். எலும்பை எலும்போடு கட்டுவதும் தசைநார், தசைக்குள் இருக்கும் இழையும் தசைநார், முழுத்தசையும் தசைநார். மேலும் ஓர் ஆளைத் தாங்காது அது.

தசைமரப்பு. நம் ஆசிரியர் ஐயா அனுப்பியது. இரவு பதினொரு மணிக்குப் படித்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மரம் போலாவதும் மரத்தல், சம்மணமிட்டுக் கால் மரத்துப்போவதும் மரத்தல். ரத்த ஓட்டம் நின்றுபோச்சு, கால் மரத்துப்போச்சு என்றுதானே வீட்டில் சொல்கிறோம்! பார்வைக்கு மரம், காரணத்துக்கு ரத்தம். இரண்டையும் ஒரே வினைச்சொல் சுமக்கிறது. ஆங்கிலத்தில் இதைச் செய்ய முடியாது. மறுநாள் அதையே குறிப்பில் எழுதி, வரிசையில் மூத்த தம்பியிடம் வாசிக்கக் கொடுத்தேன். சத்தமாக வாசித்தார்: “தசைமரபு.” மரபணு, மரபுவழி எல்லாம் அதே தாளில் நாலு வரி தள்ளி இருக்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. திருத்திச் சொன்னதும் இன்னொருவர் கேட்டார்: “மரத்துப்போச்சுன்னா கோழிக்கு வலிக்காதா அண்ணே?” உணர்ச்சி போய்விட்டது என்றுதான் அவருக்குப் பொருள் படுகிறது. கோழியோ இறக்கையைத் தூக்கவே சிரமப்படுகிறது.

அதனால் நான் முன்வைப்பது: கட்டைநெஞ்சு. இது நான் படைத்தது இல்லை. வரிசையில் ஏற்கெனவே நடமாடுவது. துண்டைக் கையிலெடுத்து, ஒரு அழுத்து அழுத்திவிட்டு, “அண்ணே, கட்டை” என்று ஓரத் தட்டில் போடுகிறார்கள். கட்டைக்கால் என்று நமக்கு முன்மாதிரியும் உண்டு. வினையாகவும் ஆகும்: வைரம் பாய்ந்த தேக்கு என்பது போல ‘கட்டைபாய்ந்த நெஞ்சு’, ‘லேசாகக் கட்டைபாய்ந்திருக்கிறது’. தரம் பிரிக்கிறவனுக்கு இந்த ‘லேசாக’ ரொம்ப முக்கியம்.

கூடப்பிறந்ததுகளுக்கும் பெயர் வேண்டும். ஒயிட் ஸ்ட்ரைப்பிங்குக்கு ‘வெண்வரி’ எல்லாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பாடநூலில் எலும்புத்தசைக்கு ‘வரித்தசை’ என்று ஏற்கெனவே பெயர். வெண்வரித்தசை என்றால் வெள்ளை நிற வரித்தசையா, வெள்ளை வரி விழுந்த தசையா? ஆகவே ‘வெண்கீற்று’. ஸ்பகெட்டிக்கு ‘இழைபிரிவு’ போதும்; ‘இடியாப்பக்கறி’ என்று அனுப்பியவருக்கு என் வணக்கம், அதை இங்கே உணவங்காடியில் சொன்னால் இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுப்பெயராக ‘தசைநோய்’ வேண்டாம். கோழி, நோய் இரண்டையும் சேர்த்து எழுதினாலே இந்த ஊரில் பறவைக் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். இது தொற்றே இல்லை. ‘தசைப்பழுது’ எப்படி?

அன்புடன்,
உட்லண்ட்ஸிலிருந்து

* * *

தம்பி,

மரப்பு மரபான கதையைப் படித்துச் சிரித்தேன். ஒற்றெழுத்தில் தோற்றேன், பரவாயில்லை. நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்கு ஒற்று சொல்லிக்கொடுத்தவனுக்கு இந்தத் தண்டனை தகும்.

கட்டைநெஞ்சு பற்றி இரண்டு ஐயம். கட்டை என்றால் குட்டை என்றும் பொருள் உண்டே, கட்டைவிரல் மாதிரி? அடுத்து, கல்நெஞ்சுக்காரன் என்கிற வசையின் தம்பி போல ஒலிக்கிறது. அதற்காக விலக்கச் சொல்லவில்லை. எச்சரிக்கிறேன்.

தசைப்பழுது நன்று. வெண்கீற்று மிக நன்று.

ஒரே ஒரு வேண்டுகோள். பச்சை நிறமாகிவிடும் உள்தசை ஒன்று உண்டு என்று முன்பு ஒரு மடலில் எழுதியிருந்தீர்களே, அதற்காவது என் மரப்பு பொருந்துமா என்று பாருங்கள்.

அங் மோ கியோவிலிருந்து

* * *

ஐயா, வணக்கம்.

குட்டை என்கிற பொருள் உண்டுதான். ஆனால் கோழி நெஞ்சு எதுவும் இந்தக் காலத்தில் குட்டை இல்லை என்பதால் குழப்பம் வராது. வசை போல ஒலிப்பது எனக்குப் பிடித்தே இருக்கிறது, மறக்காது.

பச்சைத்தசைக்குப் பார்த்தேன். பொருள் அங்கேதான் கச்சிதமாகப் பொருந்துகிறது. நெஞ்சுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சிறிய உள்தசை அது, இறக்கையை மேலே தூக்குவது. ஒரு பக்கம் நெஞ்செலும்பு, மறுபக்கம் இறுகிய உறை. பிடிக்கும்போதோ மிரளும்போதோ கோழி படபடவென்று இறக்கை அடித்தால் ரத்தம் பாய்ந்து தசை வீங்கும், வீங்க இடமில்லை. வீக்கமே தன் ரத்தக்குழாயை நெரித்துவிடும். தசை செத்து, முதலில் சிவந்து, நாள்பட்டுப் பச்சையாகும். வான்கோழிகளில் இதை முதலில் பார்த்தது அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், 1968இல். இங்கே காரணத்தில் வழக்கில்லை, ரத்தம் நின்றதுதான். வெளியே எதுவும் தெரியாது. வெட்டிப் பார்த்தால்தான் பச்சை. இதை மட்டும் தரம் பிரிப்பதில்லை, நேரே குப்பைக்கு.

‘உள்தசை மரப்பு’ என்று சொற்பட்டியலில் சேர்த்துவிட்டேன், ஐயா. ஆனால் தம்பிகளின் குறிப்பில் ‘பச்சை’ என்று மட்டும்தான் போடப்போகிறேன்.

இன்று காலை போனபோது ஓரத் தட்டில் யாரோ மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். ‘கட்ட’ என்று இருந்தது. ‘டை’ ஆக்கிவிட்டு வந்தேன்.