ஏரியில் கிடந்த ஸ்குவாவைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பது சரியா?

கேள்வி: வானம்பாடி

இங்கிலாந்தின் யோவில்டனில் இருக்கும் பிரிட்டிஷ் கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குப் போன மாதம் போய் வந்தேன். எல்லாம் பிடித்திருந்தது, ஒன்றைத் தவிர. பிளாக்பர்ன் ஸ்குவா என்ற, இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கடற்படை விமானம். தகடு கிழிந்து, எலும்புக்கூடாக, நார்வே ஏரியிலிருந்து தூக்கிய கோலத்திலேயே கிடக்கிறது. இந்த ரகத்தில் முழு விமானம் ஒன்றுகூட உலகில் மிஞ்சவில்லை என்கிறார்கள். அப்படியிருக்க, கையில் உள்ள ஒன்றையாவது சீராக்கி, வண்ணம் பூசி, நிமிர்த்தி நிறுத்தக் கூடாதா? அதே போர்க்காலத்து ஃபேரி பாரகுடா என்ற குண்டுவீச்சு விமானம் ஒன்றை அதே அருங்காட்சியகம்தான் உடைந்த துண்டுகளிலிருந்து முழு விமானமாகக் கட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தென்றல்

என்னைக் கேட்டால், முடிந்தவற்றைப் பறக்கவிட வேண்டும். ஸ்வார்ட்ஃபிஷ் என்ற அந்தக்காலக் கடற்படை விமானம் கிளம்புவதை நேரில் பார்த்திருக்கிறீர்களா? தரைப் பணியாளர்கள் இருவர் பக்கவாட்டில் நின்று கைப்பிடியைச் சுற்றுவார்கள். எஞ்சினைக் கிளப்ப உள்ளே இருக்கும் கனத்த சக்கரம் மெல்ல வேகமெடுத்து ஊளையிடும். பிறகு பெகாசஸ் எஞ்சின் ஒரு செருமல் செருமிப் புகை கக்கிப் பிடித்துக்கொள்ளும். 1940 நவம்பர் 11 இரவு, இல்லஸ்ட்ரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து இருபத்தொரு ஸ்வார்ட்ஃபிஷ்கள் இப்படித்தான் தாரந்தோவுக்குக் கிளம்பி, துறைமுகத்தில் நின்ற இத்தாலியப் போர்க்கப்பல்களைத் தாக்கின. துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானத்தால் அது எப்படி முடிந்தது என்பது, அது தலைக்கு மேலே போகும்போதுதான் மனதில் உறைக்கும். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் விமானம் அதைச் சொல்லாது.

பதில்: சுந்தரம், பிட்டர்

வானம்பாடி அவர்களே, விமானத் தகடு வேலையிலேயே வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்விக்கு வேலை செய்தவன் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

முதலில், அந்த ஸ்குவாவின் கதை. எண் எல்2940. 1940 ஏப்ரல் 27 அன்று ஆர்க் ராயல் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பியது. ஓட்டியவர் ராயல் மரீன்ஸ் படையின் பார்ட்ரிட்ஜ். பின்னிருக்கையில் பாஸ்டக். ஜெர்மானிய ஹைன்கெல் குண்டுவீச்சு விமானம் ஒன்றை வீழ்த்தினார்கள். இவர்கள் எஞ்சினும் அடிபட்டது. உறைந்து கிடந்த பிரெய்டால்ஸ்வாட்னெட் ஏரியின் பனி மேல் இறக்கிவிட்டு இருவரும் உயிர் தப்பினார்கள். பனி உருகியதும் விமானம் ஏரிக்குள் போனது. அதை வெளியே எடுத்தது 1974-இல். பார்ட்ரிட்ஜ் பனியில் இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஸ்குவாக்கள் ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளிலிருந்து பறந்துபோய், பெர்கன் துறைமுகத்தில் கோனிக்ஸ்பர்க் என்ற ஜெர்மானியக் கப்பலைக் குண்டு வீசி மூழ்கடித்திருந்தன. அந்தத் தாக்குதலிலும் பார்ட்ரிட்ஜ் இருந்தார். அதே வருடம் ஜூன் 13-ஆம் தேதி நார்வேயின் ட்ரோன்ஹெய்மில் ஷார்ன்ஹார்ஸ்ட் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலைத் தாக்கப் போன பதினைந்து ஸ்குவாக்களில் எட்டு திரும்பவில்லை. பாஸ்டக் இறந்தார். பார்ட்ரிட்ஜ் பிடிபட்டார்.

இப்போது அந்தத் தகடுகளைச் சீராக்குவது என்றால் என்னவென்று சொல்கிறேன். நசுங்கிய தகட்டை எடுக்க தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவெட் ஒவ்வொன்றையும் துளைத்து வெளியேற்ற வேண்டும். துளைக்கும்போது ஓட்டை சிறிது பெரிதாகும். புது ரிவெட் ஒரு அளவு பெரியதாகப் போட வேண்டிவரும். தண்ணீரில் முப்பத்து நான்கு வருடம் கிடந்த அலுமினியம் ஓரத்தில் அடுக்கடுக்காக உரிந்துவரும். அதில் ரிவெட் பிடிக்காது. ஆகவே பழைய தகட்டை அச்சுக்கு வைத்துக்கொண்டு புதுத் தகடு வெட்டுவீர்கள். பழையது மூலையில் போகும். இப்படி எல்லாவற்றையும் செய்து முடித்தால் அழகான ஸ்குவா ஒன்று நிற்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் பார்ட்ரிட்ஜ் பனியில் இறக்கிய விமானம் அதற்குள் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த நசுங்கலும் கிழிசலும்தான் 1940 ஏப்ரல் 27-க்கு மிஞ்சிய சாட்சி. அதைத் தட்டி நிமிர்த்த எனக்குக் கை வராது.

பாரகுடா விஷயம் வேறு. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் கட்டினார்கள். 1944 ஏப்ரல் 3 அன்று நார்வேயில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலைப் போய்த் தாக்கியவை இவைதான். போருக்குப் பின் வந்த வருடங்களில் எல்லாம் உலோகக் கழிவாகப் போயின. யோவில்டன் எடுத்துக்கொண்ட டிபி872, வட அயர்லாந்தின் மேடவுன் தளத்திலிருந்து கிளம்பி 1944-இல் சதுப்பு நிலத்தில் விழுந்தது. அதில் இருந்த மூவரும் இறந்தார்கள். 1971-இல் தோண்டி எடுத்தபோது வந்தது விமான வடிவம் அல்ல, நொறுங்கிய உலோகக் குவியல். அதை அப்படியே தரையில் பரப்பி வைத்தால் பார்ப்பவருக்கு எது இறக்கை, எது வால் என்று விளங்காது. முழு விமானம் வேறெங்கும் இல்லை. ஆகவே கிடைத்த தகட்டையே முடிந்தவரை நிமிர்த்தி, அதே இடத்தில் பொருத்திக் கட்டுகிறார்கள். 2018-இல் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையே மின்கேபிள் போடக் கடலடியை ஆராய்ந்தபோது இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய சோலன்ட் கடற்பகுதியில் இன்னொரு பாரகுடா தென்பட்டது. அடுத்த வருடம் தூக்கினார்கள். எந்தப் பாகம் எதோடு எப்படிச் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்ள அதுவும் யோவில்டனுக்குத்தான் போனது. இந்த வேலைக்கு என் முழு ஆதரவு உண்டு.

நியாயம் இரண்டல்ல, ஒன்றுதான். அந்த விமானத்தின் சொந்த உடம்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, அது எதைச் சொல்கிறது? அதை வைத்தே வேலையை முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த முறை போனால் கோர்செயர் கேடி431 என்ற அமெரிக்கப் போர் விமானத்தின் பக்கத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். எனக்கு அங்கே எல்லாவற்றையும்விட உயர்வு அதுதான். 1963-இல் காட்சிக்காக அதன் மேல் புதுப் பூச்சு அடித்திருந்தார்கள். பிறகு வந்தவர்கள் அந்தப் பூச்சை மட்டும் கையாலேயே, சிறு சிறு கட்டமாகத் தேய்த்து, பல வருடம் உழைத்து நீக்கினார்கள். அடியில் 1944-ஆம் வருடத்துப் பெயின்ட் அப்படியே இருந்தது. அமெரிக்கத் தொழிற்சாலையில் அடித்த நிறம், அதன்மேல் கடற்படை சேர்த்த குறிகள், ஏறி இறங்கிய கால் தேய்த்த இடம். வெள்ளைத் தாள் அளவு இடத்தைச் சுரண்டவே எத்தனை பொறுமை வேண்டும் என்று வேலை தெரிந்தவனுக்குத் தெரியும். போரின்போது அமெரிக்கா நேச நாடுகளுக்குத் தளவாடம் கொடுத்த கடன் குத்தகைத் திட்டத்தில் வந்த இந்த அமெரிக்க விமானங்களைப் போருக்குப் பின் வைத்துக்கொண்டால் பணம் கட்ட வேண்டும் என்பதால், ஏராளமானவற்றைக் கப்பல் தளத்திலிருந்து கடலில் தள்ளிவிட்டார்கள். தப்பிய ஒன்றுக்கு இத்தனை மரியாதை செய்தது பொருத்தம்.

தென்றல், நீங்கள் சொல்வதை நான் தள்ளவில்லை. ஆனால் பறக்க வைப்பதும் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதுதான். 1941-இல் கட்டிய டபிள்யூ5856 ஸ்வார்ட்ஃபிஷ், இறக்கைச் சட்டத்தில் அரிப்பு கண்டு 2003-இல் தரையில் நின்றது. இறக்கைகளைப் புதிதாகக் கட்டிய பிறகுதான் 2015-இல் மறுபடி பறந்தது. ஸ்வார்ட்ஃபிஷ் இன்னும் சில மிஞ்சியிருப்பதால் அதைச் செய்யலாம். ஒன்றே ஒன்று மிஞ்சிய ரகத்தைப் பறக்கவிட நான் ஒப்ப மாட்டேன். பறக்கும் நிலையில் இருந்த ஒரே சீ விக்ஸன், கடற்படையின் பழைய ஜெட் போர் விமானம், 2017 மே மாதம் சக்கரம் இறங்காமல் ஓடுதளத்தில் வயிற்றால் உரசி நின்றது. விமானி பிழைத்தார், அதுவே பெரிது. அதற்குப் பிறகு அந்த ரகம் எதுவும் வானத்தில் இல்லை.

பதில்: தென்றல்

சீ விக்ஸன் விஷயம் எனக்கும் வலிக்கிறது. ஆனால் சேர்ந்தாற்போல் இன்னொன்றையும் யோசியுங்கள். கடற்படையே நடத்திவந்த வரலாற்று விமானப் பிரிவு 1972-இல் தொடங்கி 2019-இல் கலைக்கப்பட்டது. இப்போது நேவி விங்ஸ் என்ற அறக்கட்டளைதான் நன்கொடையை நம்பி அந்த விமானங்களைப் பறக்கவைக்கிறது. வானத்தில் பார்த்து நெகிழ்ந்தவர்கள்தான் பணம் கொடுக்கிறார்கள். பறப்பது நின்றால் கொட்டகையில் இருப்பவற்றுக்கும் ஆதரவு குறையும்.

பதில்: வானம்பாடி

சுந்தரம் ஐயா, தெளிவாக விளங்கியது. ஸ்குவாவைப் பற்றி என் எண்ணம் மாறிவிட்டது. பாரகுடாவைப் பற்றி இன்னும் முழுச் சம்மதம் இல்லை. மூன்று பேர் இறந்த உலோகத்தை இன்னொரு விபத்தின் உலோகத்தோடு பக்கத்தில் வைத்துக் கட்டும்போது, எது யாருடையது என்ற பதிவு போய்விடாதா? இன்னொன்று: ஸ்காட்லாந்து மலைகளில் நடக்கப் போகிறவள் நான். போர்க்கால விமானத் துண்டுகள் அங்கே சில இடங்களில் இன்னும் கிடக்கின்றன. ஏதாவது கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சுந்தரம், பிட்டர்

உங்கள் அச்சம் நியாயமானது. அதனால்தான் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, படம் எடுத்து, எந்த விமானத்திலிருந்து வந்தது என்று எழுதிவைக்க வேண்டும். அந்த ஏடு இல்லாமல் கட்டிய விமானத்தை நான் பாதுகாத்த விமானம் என்று ஏற்க மாட்டேன். இறந்த மூவரின் பெயரும் விமானத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மலையில் கண்டால் தொடாதீர்கள். சிறு துண்டுதானே என்று பையில் போட்டுக்கொள்வதும் குற்றம். 1986-ஆம் வருடத்து இராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, பிரிட்டனில் இராணுவ விமானம் விழுந்த இடமெல்லாம் பாதுகாக்கப்பட்டவை. பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தோண்டவோ எடுக்கவோ முடியாது. உடல்கள் இருக்கலாம், வெடிக்காத குண்டு இருக்கலாம் என்றால் உரிமமே கிடைக்காது. படம் எடுங்கள், பக்கத்தில் ஏதாவது பொருளை வைத்து அளவு தெரியும்படி. தகட்டில் எண்ணோ முத்திரையோ தெரிந்தால் அதைத் தனியாக எடுங்கள். இடத்தின் வரைபடக் குறியீட்டைக் குறித்துக்கொண்டு அமைச்சகத்துக்கு எழுதுங்கள். குண்டு போல எதுவும் தெரிந்தால் படம்கூட வேண்டாம், விலகி வந்து போலீசுக்குச் சொல்லுங்கள்.