எடிட்டியோ பிரின்செப்ஸ்: ‘முதற்பதிப்பு’ போதாது, ‘முதலச்சேற்றம்’ ஆகுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ‘எடிட்டியோ பிரின்செப்ஸ்’ என்ற லத்தீன் தொடருக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையைத் தொடங்கியவன் என்ற முறையில், வந்த மடல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிந்தி வந்தவர்களுக்காகச் சிக்கலை மறுபடி சொல்லிவிடுகிறேன். மறுமலர்ச்சிக் காலத்தில் 1516 என்ற ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டில் ஐரோப்பாவில் அச்சான முக்கிய நூல்களுக்குப் பட்டியல் போட்டு வருகிறேன். ஏப்ரலில் ஃபெராராவில் இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோவின் ‘ஒர்லாண்டோ ஃபூரியோஸோ’. ஆண்டுக் கடைசியில் லூவேனில் தாமஸ் மோரின் ‘யுட்டோப்பியா’. வெனிஸில் ஆல்டஸ் அச்சகத்திலிருந்து பௌசானியாஸ், ஸ்ட்ராபோ என்று இரண்டு பழைய கிரேக்க ஆசிரியர்கள். பாசலில் டச்சு அறிஞர் எராஸ்மஸ் பதிப்பித்த கிரேக்கப் புதிய ஏற்பாடு. ஐந்துக்கும் நேரே ‘முதற்பதிப்பு’ என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் பட்டியல் பொய் சொல்வதுபோல் இருந்தது.

அரியோஸ்தோ 40 காதைகளைத் தாமே அச்சுக்குக் கொடுத்தவர். 1521இல் திருத்திய பதிப்பு, 1532இல் மறுபடி திருத்தி 46 காதைகள். முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்ற வரிசை அவருக்குச் சரியாகப் பொருந்தும். பௌசானியாஸோ கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் நூல் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கையெழுத்துப் படிகளிலேயே உயிர் வாழ்ந்து, மார்கோ முசூரோ என்ற கிரேக்க அறிஞர் கையால் 1516இல் முதல்முறையாக அச்சைக் கண்டது. இந்த இரண்டாவது வகைக்குத்தான் லத்தீனில் எடிட்டியோ பிரின்செப்ஸ் என்று தனிப்பெயர். ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த இலக்கியத்தை வைத்திருக்கும் நமக்கு இப்படி ஒரு சொல் கட்டாயம் வேண்டும்.

> பிரின்செப்ஸ் என்றால் தலைமையானது. ‘மூலப்பதிப்பு’ அல்லது ‘தலைப்பதிப்பு’ என்று சொல்லிவிடலாமே?

ஐயா, லத்தீன் வேரைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எனக்கு மிகவும் தயக்கம் தருவதும் அந்தத் தலைமைதான். முதலில் அச்சானதால் ஒரு பதிப்புக்குத் தலைமை வந்துவிடாது. 1516லேயே இதற்குச் சாட்சி இருக்கிறது.

எராஸ்மஸ் பாசலில் உட்கார்ந்து அந்தப் புதிய ஏற்பாட்டைத் தயாரித்தபோது அவர் கையில் இருந்தவை ஒருசில கிரேக்கப் படிகளே. அச்சகக்காரர் ஃப்ரோபனுக்கு அவசரம். எராஸ்மஸ் ஒரு பழைய படியை எடுத்து அதன்மேலேயே திருத்தங்களைக் குறித்து அச்சுக்கோப்பவர்களிடம் கொடுத்துவிட்டார். அந்தக் குறிகளோடு அந்தப் படி இன்றும் பாசல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவருக்குக் கிடைத்தது ஜெர்மன் அறிஞர் ரோய்க்லினிடம் இரவல் வாங்கிய ஒரே ஒரு படி. அதிலும் கடைசி ஏடு இல்லை, ஆறு வசனங்கள் போயிருந்தன. எராஸ்மஸ் என்ன செய்தார்? லத்தீன் விவிலியத்தை எதிரே வைத்துக்கொண்டு அந்த ஆறு வசனங்களையும் தாமே கிரேக்கத்தில் ஆக்கி இட்டு நிரப்பினார்.

விளைவை நம் வீட்டு அலமாரியிலேயே பார்க்கலாம். 22ஆம் அதிகாரம் 19ஆம் வசனம். கிரேக்கப் படிகளில் இருப்பது ஜீவ மரம். லத்தீனில் ‘லிக்னோ’ என்றால் மரம், ‘லிப்ரோ’ என்றால் நூல். படியெடுத்தவர் கை வழுக்கி மரம் நூலாகிவிட்ட லத்தீன் பாடத்திலிருந்து எராஸ்மஸ் மொழிபெயர்த்ததால், அவருடைய கிரேக்கத்திலும் நூல் ஏறிவிட்டது. அந்தப் பாடம் பதிப்புக்குப் பதிப்பு தொடர்ந்து, தேவாலயங்களில் இன்றும் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு வரை வந்து சேர்ந்தது. அதில் ‘ஜீவபுஸ்தகத்திலிருந்தும்’ என்று இருக்கும். பிற்கால ஆய்வுப் பதிப்புகளைத் தழுவிய திருவிவிலியத்தில் மரம் திரும்பி வந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்கு மெய் சிலிர்த்தது. பாசலில் ஓர் ஏடு கைக்குக் கிடைக்காமல் போனதன் தடம் தமிழ் வரியில் கிடக்கிறது.

எராஸ்மஸே பிறகு ஒரு கடிதத்தில், அதைப் பதிப்பித்தேன் என்பதைவிட அவசரத்தில் தள்ளிவிட்டேன் என்பதே பொருந்தும் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட ஒன்றை ‘மூலப்பதிப்பு’ என்றால், படிப்பவர் அதுதான் மூலத்துக்கு மிக நெருக்கமானது என்று எடுத்துக்கொள்வார். நமக்கு வேண்டிய சொல் நடந்ததைச் சொன்னால் போதும். மகுடம் சூட்ட வேண்டாம்.

> புதுச்சொல் எதற்கு? ‘முதல் அச்சுப் பதிப்பு’ என்றால் எல்லோருக்கும் புரியுமே.

புரியும் அக்கா. ஆனால் அரியோஸ்தோவின் 1516ஆம் ஆண்டுப் புத்தகமும் முதல் அச்சுப் பதிப்புதானே? எந்த வேறுபாட்டைக் காட்டக் கிளம்பினோமோ அது அந்தத் தொடரில் மறைந்துவிடுகிறது.

‘அச்சேறுதல்’ என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஏட்டில் கிடந்தது அச்சில் ஏறியது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனது என்ற குறிப்பு அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் ‘முதலச்சேற்றம்’ என்று முன்வைக்கிறேன். வினையாகவும் புழங்கலாம்: “ஸ்ட்ராபோ 1516இல் முதலச்சேறினார்.” வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு இடறவில்லை.

> அப்படியானால் 1514 அல்லவா முதல்? ஸ்பெயினில் அதற்கு முன்பே புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டதே.

இந்த இழையில் வந்த மிகக் கூர்மையான கேள்வி இது. இரண்டு நாள் யோசிக்க வைத்தது. அல்கலாவில் கர்தினால் சிஸ்னெரோஸ் நடத்திய பன்மொழி விவிலியத்தின் புதிய ஏற்பாட்டுத் தொகுதி 1514 ஜனவரி 10 அன்று அச்சு முடிந்தது. ஆனால் மற்றத் தொகுதிகள் முடியக் காத்திருந்து, 1517இல் கர்தினாலும் இறந்து, போப்பாண்டவரின் இசைவு 1520இல் கிடைத்து, அதன் பிறகுதான் புத்தகம் வெளியே போனது. அதற்குள் எராஸ்மஸின் பதிப்பு ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது.

ஆக, அச்சில் முதல் அல்கலா, வெளியீட்டில் முதல் பாசல். ‘எடிட்டியோ’ என்ற லத்தீன் சொல்லின் வேரே ‘வெளியே கொடுத்தல்’தான். நம் ‘ஏற்றம்’ இதைத் தாங்குமா? தாங்கும் என்றே நினைக்கிறேன், ‘அரங்கேற்றம்’ துணை நிற்கிறது. புலவர் பாடி முடித்து வீட்டில் வைத்திருந்தால் அரங்கேற்றம் ஆகாது. அவையோர் கேட்க வேண்டும். அதேபோல் அச்சாகிக் கிடங்கில் கிடப்பது அச்சேற்றம் ஆகாது, வாசகர் கைக்கு வர வேண்டும் என்று வரையறையில் எழுதிவிடலாம். (‘அச்சரங்கேற்றம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் கேட்பவர் காதில் ‘அச்சரம்’ என்று விழுந்துவிடும்.)

மொழிபெயர்ப்பைக் கணக்கில் கொள்ளக் கூடாது. ஸ்ட்ராபோவின் லத்தீன் மொழிபெயர்ப்பு 1469லேயே ரோமில் அச்சாகிவிட்டது, கிரேக்க மூலம் 1516இல்தான். ரோமப் பேரரசர் அகுஸ்துஸிடம் இந்தியாவிலிருந்து தூதும் பரிசும் அனுப்பிய அரசன் பெயரைப் ‘பாண்டியோன்’ என்றும், வேறு சிலர் சொல்வது ‘போரஸ்’ என்றும் குறிக்கும் அதே ஸ்ட்ராபோதான். அந்தப் பெயர் கிரேக்க எழுத்தில் முதலில் அச்சானது இந்த வெனிஸ் புத்தகத்தில் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பகுதி அச்சானால்? நம்மூர் எடுத்துக்காட்டே இருக்கிறது. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868இல் போவர் அச்சிட்டார், உ.வே.சா. நூல் முழுவதையும் 1887இல். 1868ஐப் ‘பகுதி முதலச்சேற்றம்’ என்று குறித்துவிடலாம். இருவருக்கும் உரியது இருவருக்கும் சேரும்.

மாக்கியவெல்லிதான் என்னைத் திண்டாட வைத்தார். ‘இளவரசன்’ 1513இல் எழுதப்பட்டு, 1516இல் கைப்படிகளாக மட்டும் உலவிக்கொண்டிருந்தது. அவர் 1527இல் இறந்தார். அச்சானது 1532இல், ரோமில். பழைய நூலும் அல்ல, ஆசிரியர் கொடுத்து அச்சானதும் அல்ல. இதை வைத்துத்தான் என் அளவுகோலையே மாற்றிக்கொண்டேன். நூலின் வயதை விட்டுவிடுவோம், அச்சுக்குக் கொடுத்த கை யாருடையது என்று பார்ப்போம். மோர் லண்டனில் இருந்தாலும் ‘யுட்டோப்பியா’வைத் தாமே எராஸ்மஸுக்கு அனுப்பிவைத்தார். எராஸ்மஸும் அவர் நண்பர் பீட்டர் கைல்ஸும் லூவேனில் அச்சு வேலையைக் கவனித்துக்கொண்டார்கள். எனவே அது முதற்பதிப்பு. ‘இளவரசன்’ கைப்படிகளிலிருந்து பிறர் அச்சேற்றியது, எனவே முதலச்சேற்றம்.

வரையறை இப்படி இருக்கட்டும்: கைப்படிகளில் வழங்கிவந்த ஒரு நூலின் மூலம், ஆசிரியர் அல்லாத பிறரால் முதன்முறை அச்சாகி வாசகர் கைக்கு வந்த பதிப்பு, முதலச்சேற்றம்.

பட்டியலில் முதற்பதிப்புக்கு ‘மு.ப.’ என்றும் இதற்கு ‘மு.அ.’ என்றும் சுருக்கம் போட்டிருக்கிறேன். நூலக அட்டவணை வேலை செய்பவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். ‘மு.அ.’ உங்கள் அட்டைகளில் ஏற்கெனவே வேறு எதற்காவது புழங்குகிறதா? புழங்கினால் ‘முதலச்.’ என்று மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்