ரஃப் ஐடிலிங்: ‘நின்றோட்ட உதறல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

புதிய ஹாட் ஹேட்ச்பேக் ஒன்றின் பராமரிப்புக் குறிப்புகளைத் தமிழில் எழுதுகையில் ‘ரஃப் ஐடிலிங்’ (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சீரில்லாமல் ஓடுவது), ‘ரஃப் ரன்னிங்’ (வண்டியை ஓட்டும்போது எஞ்சின் சீரில்லாமல் ஓடுவது) இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. எஞ்சின் 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ, நேரடி இன்ஜெக்‌ஷன். முதல் வரைவில் ‘கரடான வெற்றோட்டம்’ என்று இருக்கிறது, படிக்கும்போதே இடறுகிறது. வேறு சொல் தாருங்கள்.

——

> கரடான வெற்றோட்டம்

கரடு வேண்டாம் தம்பி. அது பாதைக்கும் பரப்புக்கும் உரிய சொல். ஒர்க்‌ஷாப்பில் “ஸ்லோல உதறுது”, “ஸ்லோ நிக்கல”, “மிஸ்ஸிங் அடிக்குது” என்பார்கள் (ஸ்லோ என்றால் ஐடிலிங்). மூன்றும் வேறு வேறு கோளாறு. ஒரே சொல்லில் அடைத்தால் படிப்பவர் தவறான பாகத்தைக் கழற்றுவார்.

‘வெற்றோட்டம்’ எனக்கு ஒப்பவில்லை. ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோதும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர் எல்லாவற்றையும் எஞ்சின்தான் இழுக்கிறது. ‘நின்றோட்டம்’ என்கிறேன்.

மிஸ்ஸிங் என்பது ஒரு சிலிண்டரில் கலவை எரியாமல் போவது, ‘எரிதவறல்’ எனலாம். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) முள் 600க்கும் 1,000க்கும் இடையே ஏறி இறங்கினால் ‘வேக அலைவு’; இயற்பியல் பாடநூலில் அலைவு ஏற்கெனவே உண்டு. உதறல் என்பது உடம்பில் உணரும் அறிகுறி மட்டும். அதற்குக் காரணம் எரிதவறலாக இருக்கலாம், எஞ்சின் மவுண்டாகவும் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிடிமானம்) இருக்கலாம்.

——

அண்ணா, உதறல் என்றால் மூன்று சிலிண்டர் வண்டி எல்லாமே உதறத்தானே செய்கிறது? புது வண்டி வாங்கியவர் இதைப் படித்துவிட்டு முதல் நாளே சர்வீஸ் சென்டரில் போய் நிற்பார். இயல்பான துடிப்புக்கும் ஒரு சொல் வேண்டும்.

——

> இயல்பான துடிப்புக்கும் ஒரு சொல்

நீங்களே சொல்லிவிட்டீர்கள், ‘துடிப்பு’. இரண்டையும் கணக்கால் பிரிக்கலாம். 750 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 12.5 சுற்று. மூன்று சிலிண்டரில் ஒவ்வொரு 240 பாகைக்கும் ஒரு எரிப்பு. நொடிக்கு ஏறத்தாழ 19. நான்கு சிலிண்டரில் 25. அதனால் அங்கிருந்து மாறி வந்தவருக்கு இது கரகரப்பாகத் தெரியும், ஆனால் சீராக இருக்கும். ஒரே சிலிண்டர் தொடர்ந்து தவறினால் இரண்டு சுற்றுக்கு ஒரு குலுக்கல், நொடிக்கு ஆறு. ஸ்டீயரிங்கில் கை வைத்தாலே அந்த நொண்டல் தெரியும். இதை வரையறையிலேயே போடுங்கள்: சீரானது துடிப்பு, நொண்டுவது உதறல்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் 1,200 ஆர்பிஎம் வாக்கில் கடகடப்பதையும் உதறலில் சேர்க்காதீர்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) வேண்டுமென்றே ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது. ஒரு நிமிடம் போல ஓடியதும் அடங்கினால் கோளாறு இல்லை.

எரிதவறல் பகுதியில் இந்தச் சோதனை கட்டாயம் இருக்கட்டும். ஸ்கேனரில் பி0302 என்ற பிழைக் குறியீடு வந்தால் கோளாறு இரண்டாம் சிலிண்டர். இக்னிஷனை அணைத்து, இரண்டாவதன் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் தரும் சுருள்) ஒன்றாவதன் காயிலோடு இடம் மாற்றுங்கள். பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள். அது பி0301 ஆக இடம் மாறினால் காயில் போயிற்று. மாறவில்லையென்றால் பிளக்கை அதேபோல் மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் இன்ஜெக்டர், கம்ப்ரஷன். நேரடி இன்ஜெக்‌ஷனில் உயரழுத்த எரிபொருள் குழாயை வீட்டில் கழற்றச் சொல்லாதீர்கள். பி0300 வந்தால் தவறல் பல சிலிண்டருக்கும் பொது. காயில் மாற்றி நேரம் போக்காமல் காற்றுக் கசிவையும் பெட்ரோலையும் பாருங்கள்.

——

> ‘ரஃப் ரன்னிங்’

இது விட்டுப்போயிற்று. ஸ்லோவில் அருமையாக நின்று, மூன்றாம் கியரில் முழுக்க மிதிக்கும்போது மட்டும் வெட்டுவதை உதறல் என்று யாரும் சொல்வதில்லை, திணறல் என்பார்கள். ‘சுமைத் திணறல்’ என்று பிரிக்கலாமா? டர்போவில் காரணமும் வேறு. பூஸ்ட் (டர்போ உள்ளே திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏறினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பிளக் இடைவெளி அகலமாக இருந்தால் பொறி தாவாது. இத்தகைய எஞ்சின்களில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மி.மீ. தான், 1.1 வைத்த பிளக்கைப் போட்டால் ஸ்லோவில் சமாளித்துவிட்டு மேலே திணறும்.

கசிவும் அப்படியே. த்ராட்டிலுக்கு (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டு) பிந்தைய காற்றுக் கசிவு நின்றோட்டத்தில் காட்டிக்கொடுக்கும், டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் இடைப்பட்டது சுமையில். காற்றோட்ட சென்சார் உள்ள வண்டியில் முதல் வகைக் கசிவால் நின்றோட்ட எரிபொருள் டிரிம் (ஈசியூ கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் திருத்தம்) பிளஸ் 10 விழுக்காட்டைத் தாண்டி, 2,500 ஆர்பிஎம்மில் குறைந்துவிடும். அழுத்த சென்சாரை மட்டும் நம்பும் எஞ்சினில் டிரிம் அவ்வளவாக அசையாது, ஆர்பிஎம்தான் ஏறி நிற்கும்.

——

‘சுமைத் திணறல்’ எனக்குச் சம்மதம். பட்டியலில் இன்னும் இரண்டு சேருங்கள், இந்த வகை வண்டியில் அடிக்கடி வருவது. ஒன்று, வெளிக்கடையில் போட்ட ப்ளோ-ஆஃப் வால்வு (கால் எடுத்ததும் டர்போவின் மிகை அழுத்தக் காற்றைத் திறந்துவிடுவது). அளந்து உள்ளே விட்ட காற்றை அது வெளியே தள்ளுகிறது. காற்றோட்ட சென்சார் உள்ள வண்டியில் ஈசியூ அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றுகிறது. கியர் மாற்றிக் கால் எடுத்ததும் ஆர்பிஎம் சரிந்து வண்டி உதறும், சில சமயம் அணைந்தே போகும். அந்த ‘புஸ்’ சத்தத்துக்குக் கொடுக்கும் விலை.

இன்னொன்று, பெட்ரோல் நிரப்பியவுடன் மட்டும் வரும் உதறல். ஆவிக் கேனிஸ்டரின் (பெட்ரோல் டாங்கின் ஆவியைச் சேர்த்துவைக்கும் கலம்) பர்ஜ் வால்வு, அதாவது அந்த ஆவியை எஞ்சினுக்குள் விடும் வால்வு, திறந்தபடி சிக்கியிருக்கும். அதன் மின்இணைப்பைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது கேனிஸ்டர் பக்கத்து ஹோஸைப் பிடுங்கி வால்வின் வாயில் விரல் வையுங்கள். உறிஞ்சினால் வால்வை மாற்ற வேண்டியதுதான்.

இன்டேக் வால்வில் கரி படிவதைப் புது வண்டிக்கான குறிப்பில் போட வேண்டாம். அது பல்லாயிரம் கிலோமீட்டர் கழித்து வரும் கதை.

——

அப்படியானால் நின்றோட்டம், துடிப்பு, நின்றோட்ட உதறல், எரிதவறல், வேக அலைவு, சுமைத் திணறல். ‘நின்றோட்டம்’ முதலில் வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘ஸ்லோ’ என்று போட்டுவிடுகிறேன், மெக்கானிக்குக்கும் புரிய வேண்டுமே. பர்ஜ் வால்வுக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘ஆவி வெளியேற்று வால்வு’ என்று வைத்தால் ஆவி தெருவுக்குப் போவதாகத் தோன்றுகிறது, போவது எஞ்சினுக்குள். ‘ஆவி ஈர்ப்பு வால்வு’ எப்படி?